திரையில் நீலம் வந்தால்: வீட்டுக் கம்ப்யூட்டரை நாமே பார்ப்பது எப்படி

கிருஷ்ணகிரிப் பக்கம் நீலம் என்றால் மாம்பழம். பெங்களூராவும் செந்தூராவும் அடங்கி, சீசன் முடியப்போகிற நேரத்தில் வருகிற பழம். எனக்கு மட்டும் சில வருடங்களுக்கு முன் அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிற மாதிரி ஆகிவிட்டது. காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டிக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறேன். ஜூன் மாதம், லோடு மேல் லோடாக வந்து இறங்கும் நேரம். பில்லைப் பாதி அடித்திருப்பேன், திரை முழுக்க நீலமாகிவிடும். மேலே ஒரு சோகமூஞ்சி, கீழே நாலு வரி ஆங்கிலம், அப்புறம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

கடையில் கொடுத்தேன். ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தார்கள். நாலாம் நாள் மறுபடி நீலம். திரும்பக் கொண்டுபோனேன், திரும்ப ஃபார்மட். இந்தத் தடவை டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டார்கள், 12 நாள் கணக்கு போனது போனதுதான். மூன்றாம் தடவை, "மதர்போர்டு போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். அப்போதுதான் பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்து நானே உட்கார்ந்து பார்த்தேன். மதர்போர்டில் ஒன்றுமே இல்லை. பழுது வேறிடத்தில் இருந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன். நான் இன்ஜினியர் அல்ல. அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டில் நீலம் வந்தாலும் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்க்கிறேன், அவ்வளவுதான். முதல் தடவை மாட்டிக்கொள்கிறவர்களுக்கு எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் நின்றுபோகிறது

ஒரு புரோகிராம் தப்புச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவை ஓடும். ஆனால் விண்டோஸின் உள்மையம் என்று ஒன்று உண்டு, கர்னல் என்பார்கள். டிஸ்க், ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), பிரிண்டர், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றோடும் பேசுவது அதுதான். அந்த இடத்தில் ஏதாவது தப்பினால், தப்பான தகவலை டிஸ்க்கில் எழுதி உள்ளதையும் கெடுத்துவிடக் கூடாதே என்று விண்டோஸ் வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்கிறது. போர் மோட்டார் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகிற மாதிரி. ட்ரிப் ஆன உடனே யாராவது போரில் இருந்து மோட்டாரை மேலே தூக்குகிறார்களா? கரண்ட் மூன்று பேஸும் வருகிறதா, வோல்டேஜ் எவ்வளவு என்றுதானே முதலில் பார்க்கிறோம். ஃபார்மட் என்பது மோட்டாரை மேலே தூக்குகிற வேலை. கடைசியில் வர வேண்டியது.

சோகமூஞ்சி 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது. 2025இல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு வந்த அப்டேட்டில் அந்த மூஞ்சியையும் நீலத்தையும் எடுத்துவிட்டு, கறுப்புத் திரையாக மாற்றிவிட்டார்கள். அதனால் புது லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் நீலம் கறுப்பாகத் தெரியும். உள்ளே விஷயம் அதேதான்.

போன் நம்பர் இருந்தால் அது பொய்

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு போகிற விஷயம். இணையத்தில் எதையோ தேடும்போது திடீரென்று திரை முழுக்க நீலம், "உங்கள் கம்ப்யூட்டர் லாக் ஆகிவிட்டது, இந்த நம்பருக்கு உடனே பேசுங்கள்" என்று வந்தால், கூடவே ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் மிரட்டினால், அது வெறும் வலைப்பக்கம். உண்மையான நீலத் திரையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது, யாரும் பேசவும் மாட்டார்கள், மவுஸ் அம்பும் நகராது. எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையா, கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை மூடுங்கள். ஏற்கெனவே பேசி, பணமும் போய்விட்டது என்றால் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு உடனே அடியுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நோட்டுப் போடுங்கள்

உண்மையான நீலம்தான் என்று தெரிந்தால், முதல் வேலை செல்போனில் திரையைப் படம் எடுப்பது. சதவீதக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். 100 வரும்வரை விடுங்கள். அந்த நேரத்தில்தான் என்ன நடந்தது என்ற குறிப்பை டிஸ்க்கில் எழுதுகிறது, பின்னால் நமக்கு வேண்டும்.

சில சமயம் படம் எடுப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதை நிறுத்தலாம். ஸ்டார்ட் மெனுவில் "வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறந்து, "ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி" என்று போட்டிருக்கும் இடத்தில் செட்டிங்ஸை அழுத்துங்கள். "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அங்கேயே கீழே "ஸ்மால் மெமரி டம்ப்" என்று தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இனிமேல் நீலம் வந்தால் நீங்கள் அணைக்கும்வரை அப்படியே நிற்கும்.

அப்புறம் ஒரு 40 பக்க நோட்டு. தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், கரண்ட் எப்படி இருந்தது, திரையில் "ஸ்டாப் கோட்" (ஏன் நின்றது என்பதற்கான குறியீடு, இனி கோடு என்றால் இதுதான்) என்பதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, ஏதாவது ஃபைல் பெயர் காட்டியதா. இவ்வளவுதான். நாலைந்து தடவை எழுதினாலே ஒரு போக்குத் தெரியும். என் அனுபவத்தில் பாதி வேலையை நோட்டே செய்துவிடும். எழுதாமல் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் எல்லோரும், "அடிக்கடி வருதுங்க" என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

நோட்டில் முதலில் பார்க்க வேண்டியது, ஒரே கோடு திரும்பத் திரும்ப வருகிறதா, அல்லது ஒவ்வொரு தடவையும் வேறு வேறா என்பது. ஒரே கோடு, ஒரே ஃபைல் பெயர், அதுவும் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் டிரைவர் சமாசாரம். டிரைவர் என்பது பிரிண்டர், வைஃபை போன்ற ஒவ்வொரு சாமானோடும் கர்னல் பேசுவதற்கான சின்ன மென்பொருள். திங்கட்கிழமை ஒரு கோடு, புதன்கிழமை இன்னொரு கோடு, சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போது ஒன்று, பாட்டுக் கேட்கும்போது ஒன்று என்று மாறி மாறி வந்தால் ஹார்ட்வேர் பக்கம் திரும்புங்கள், அதிலும் முதலில் ரேம். என் நோட்டில் 11 தடவைக்கு 6 விதமான கோடு இருந்தது.

கோடுகளில் அடிக்கடி பார்க்கிற சிலவற்றைச் சொல்கிறேன். "மெமரி மேனேஜ்மென்ட்", "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா" இரண்டும் வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். டிரைவராலும் வரும். "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" பெரும்பாலும் டிரைவர். "வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்" கிராஃபிக்ஸ் டிரைவர் அல்லது கார்டு. "கர்னல் டேட்டா இன்பேஜ் எரர்", "இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்" இரண்டும் டிஸ்க் பக்கம் கை காட்டும். "டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்" என்றால் ஹார்ட்வேரே புகார் சொல்கிறது என்று அர்த்தம், சூடு, பவர், பிராசசர் என்று தேட வேண்டும். கோடு என்பது நாடி மாதிரி. எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று சொல்லும், வியாதியின் பெயரைச் சொல்லாது.

முன்பு நின்றதையெல்லாம் எழுதவில்லையே என்கிறீர்களா? விண்டோஸே ஒரு நோட்டு வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்று தேடுங்கள். நாள் வாரியாகக் கட்டம் போட்டு, பிரச்சினை வந்த நாளில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குறுக்கு அடையாளம் காட்டும். அதே நாளில் ஏதாவது அப்டேட்டோ புது மென்பொருளோ ஏறியதா என்பதும் கீழேயே இருக்கும்.

கை வைக்கும் முன் பிரதி

கம்ப்யூட்டர் இன்னும் திறக்கிறது என்றால், மேற்கொண்டு எதையும் செய்வதற்கு முன் போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன், கணக்கு எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ எடுத்து வையுங்கள். டி டிரைவில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள், டிஸ்க் போனால் இரண்டும் போகும். (என் 12 நாள் கணக்கும் டி டிரைவில்தான் இருந்தது.)

இன்னொன்று, புது லேப்டாப்காரர்களுக்கு. விண்டோஸ் 11இல் பல மெஷின்களில் டிஸ்க் பிட்லாக்கர் முறையில் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். நமக்கே தெரியாது. பழுது பார்க்கப் போகும்போதுதான் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். மெஷின் நன்றாக இருக்கும்போதே, நீங்கள் அதில் போட்டிருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் செல்போன் வழியாக நுழைந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சமீபத்தில் என்ன மாறியது

1998 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு கண்காட்சி மேடை. பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98 எப்படி வேலை செய்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்கேனரைச் செருகினார்கள். அத்தனை பேர் முன்னாலும் நீலத் திரை. எனவே நமக்கு வந்தால் கூச்சப்பட ஒன்றுமில்லை. புதிதாக எதைச் செருகினோம் என்று யோசித்தால் போதும்.

கீபோர்டு, மவுஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிரிண்டர், வெப்கேம், வைஃபை டாங்கிள், பென்டிரைவ், கைரேகை வைக்கும் கருவி எல்லாம். இரண்டு நாள் அப்படியே ஓட்டிப் பாருங்கள். நீலம் வரவில்லை என்றால் ஒரு நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் செருகுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் வேண்டாம், எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

டிரைவர் புதிதாக ஏறிய பிறகுதான் தொல்லை என்றால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்தச் சாமானை இரட்டைக் கிளிக் செய்து, டிரைவர் பக்கத்தில் "ரோல் பேக் டிரைவர்" கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் இல்லை என்று அர்த்தம், கம்ப்யூட்டர் அல்லது கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் போட வேண்டியதுதான். டிரைவர் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். நல்லா இருந்த டிரைவரையும் கெடுத்துவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு என்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அப்டேட் ஹிஸ்டரி, அதில் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்". கடைசியாக வந்ததை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வதும், ரீஸ்டார்ட் கொடுப்பதும் ஒன்றல்ல. வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் கர்னலை அப்படியே டிஸ்க்கில் மடித்து வைத்துவிடுகிறது. ரீஸ்டார்ட்தான் உண்மையில் முதலிலிருந்து தொடங்கும். எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

திறக்கவே இல்லை என்றால்

விண்டோஸ் உள்ளே போகும் முன்பே நீலம் வருகிறது என்றால் சேஃப் மோடு. விண்டோஸ் அடையாளம் தோன்றும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால், பழுது பார்க்கும் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போங்கள். பட்டியல் வந்ததும் 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு, 5ஐ அழுத்தினால் இணையத்தோடு சேஃப் மோடு. விண்டோஸ் திறக்கிறது என்றால் இவ்வளவு சுற்ற வேண்டாம், ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தாலே இந்தத் திரை வரும்.

சேஃப் மோடில் அத்தியாவசிய டிரைவர்கள் மட்டுமே ஏறும். அங்கே ஒரு மணி நேரம் நீலம் இல்லாமல் ஓடுகிறது, சாதாரணமாகத் திறந்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது என்றால், குற்றவாளி அநேகமாக ஏதோ ஒரு டிரைவர் அல்லது ஆன்டிவைரஸ். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? விமான நிலையம், வங்கி, ஆஸ்பத்திரி என்று உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்தில் நின்ற நாள். கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்தான் காரணம். ஒவ்வொரு மெஷினாகச் சேஃப் மோடில் திறந்து, தப்பான ஃபைலை அழித்துத்தான் பலவற்றை மீட்டார்கள். அங்கேயும் பிட்லாக்கர் கீ தெரியாமல் பலர் முழித்தார்கள்.

சேஃப் மோடிலும் அதே மாதிரி நீலம் வருகிறது என்றால் பெரும்பாலும் ஹார்ட்வேர்.

விண்டோஸ் ஃபைல்களும் டிஸ்க்கும்

கமாண்ட் பிராம்ப்டைத் தேடி, ரைட் கிளிக் செய்து, "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள். முதலில் டிஐஎஸ்எம் என்று நாலு எழுத்து. பிறகு ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரீஸ்டோர்ஹெல்த் என்று மூன்று சொல். மூன்றின் முன்னாலும் ஒரு சாய்கோடு (கேள்விக்குறி இருக்கும் பட்டனில் உள்ளது), சாய்கோட்டுக்கு முன் ஓர் இடைவெளி. கிளீனப்புக்கும் இமேஜுக்கும் நடுவில் சின்னக் கோடு. இதற்கு இணையம் வேண்டும். முடிந்ததும் எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு, ஒட்டியே ஸ்கேன்நவ் என்று ஒரே சொல்லாக. கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களை இது மாற்றிவைக்கும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் வீடுகளில் நான் பார்த்தவரை இதனால் மட்டும் சரியானது குறைவு. ஆபத்தில்லாத வேலை, செய்துவிட்டுப் போகலாம்.

டிஸ்க் அப்படியல்ல. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் திறந்தால், டிஸ்க்கின் உடல்நிலையை ஒரே சொல்லில் சொல்லும். "குட்" என்று நீலத்தில் வந்தால் சரி (இந்த நீலம் நல்ல நீலம்). "காஷன்" என்று மஞ்சளில் வந்தாலே பிரதி எடுத்துவிட்டுப் புது டிஸ்க்குக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். சிவப்பு என்றால் அன்றைக்கே. டெஸ்க்டாப்பாக இருந்தால் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

டிஸ்க்கில் பிழை தேடும் விண்டோஸின் சொந்தக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லிப் பலர் சொல்வார்கள். ஓட்டலாம். ஆனால் முழுச் சோதனை பழைய ஹார்டு டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போனால் வம்பு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளா என்று பார்த்துக்கொண்டு, நல்ல யூபிஎஸ் இருந்தால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ரேம்

இப்போது என் கதைக்கு வருகிறேன். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, எம்டிஸ்கெட் என்று அடித்தால் மெமரி சோதனைக் கருவி வரும். (எம், டி, எஸ், சி, எச், இ, டி என ஏழு ஆங்கில எழுத்து.) ரீஸ்டார்ட் ஆகிச் சோதனை ஓடத் தொடங்கியதும் எஃப்1 அழுத்தி, "எக்ஸ்டெண்டெட்" என்பதைத் தேர்ந்தெடுத்து எஃப்10 கொடுங்கள். சாதாரணச் சோதனை பல சமயம் பழுதைப் பிடிக்காமல் விட்டுவிடும். என் மெஷினில் சாதாரணச் சோதனை எல்லாம் நலம் என்றது, நீளமான சோதனைதான் பிழை காட்டியது. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்த்தேன்.

பிழை வந்தால் உடனே புது ரேம் வாங்க ஓடாதீர்கள். தூசியும் ஈரக்காற்றும் பட்டு ரேமின் முனை கறுத்துப் போவது நம் வீடுகளில் சகஜம். டெஸ்க்டாப்பை அணைத்து, பின்னால் இருக்கும் பவர் கேபிளையே பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை 5 விநாடி அழுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். நாம் எல்லோரும் சிபியு என்று கூப்பிடும் அந்தப் பெட்டியின் பக்கவாட்டுத் தகடு பின்னால் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றிவிட்டு, பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். மதர்போர்டில் நெட்டுக்குத்தாக நிற்கும் விரல் அகலப் பட்டைதான் ரேம். முனையில் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் அது கொஞ்சம் மேலே எழும்பும். இரண்டு ஓரத்தையும் பிடித்து நேராகத் தூக்குங்கள்.

கீழ் விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள் இருக்கும். என்னுடையதில் நாலைந்து பல் பழைய பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி மங்கிக் கிடந்தது. பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து வெள்ளை ரப்பரை எடுத்து, ஒரே திசையில் மெதுவாக நாலு இழுப்பு இழுத்தேன். இருபக்கமும். சொரசொரப்பான மை ரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். ரப்பர் தூளைச் சுத்தமான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பற்களில் விரல் படாமல் பிடித்து, ரேமைச் செருகும் பள்ளமான ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் துடைத்து, நேராக வைத்து அழுத்தினேன். டிக் என்று கிளிப் பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சரியாக உட்காரவில்லை.

துடைத்த பிறகும் நீலம் வந்தால், இரண்டு ரேம் இருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் போட்டு இரண்டு நாள், மற்றதை மட்டும் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். நான் செய்தபோது 4 ஜிபி பழைய ரேமில் நீலமே வரவில்லை. பிறகு வாங்கிச் சேர்த்த 8 ஜிபி ரேமை மட்டும் போட்டதும் அரை மணி நேரத்தில் வந்தது. ஸ்லாட் மாற்றிப் போட்டேன், அப்போதும் வந்தது. ஆக ஸ்லாட் நல்லது, மதர்போர்டு நல்லது, அந்த ஒரு ரேம்தான் கெட்டது. கடையில் மாற்றச் சொன்ன மதர்போர்டு இன்றைக்கும் ஓடுகிறது.

லேப்டாப்காரர்கள் இதை வீட்டில் முயல வேண்டாம். பேட்டரி உள்ளேயே இருக்கும், பலவற்றில் ரேமை போர்டோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள்.

கரண்ட், சூடு, தூசி

பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் என் மச்சான் வீட்டில் வேறு மாதிரி. நீலமே வராது. திரை பட்டென்று இருண்டு, மெஷின் தானாக மறுபடி ஏறும். இந்த வித்தியாசம் முக்கியம். நீலம் காட்டி நின்றால் விண்டோஸுக்குத் தப்பு தெரிந்திருக்கிறது. ஒன்றுமே காட்டாமல் அணைந்தால் விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் அறுந்திருக்கிறது, அல்லது சூடு தாங்காமல் பிராசசர் தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது. ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் பார்த்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரம். தோட்டத்துக்கு மூணு பேஸ் கரண்ட் விடுகிற நேரம். சுற்றுவட்டத்தில் எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் எடுக்கும்போது வீட்டு லைட் மங்கி எரியும். அந்த விநாடி யூபிஎஸ் பேட்டரிக்கு மாற வேண்டும். மச்சான் வீட்டு யூபிஎஸ்ஸில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, பெட்டி மட்டும் பச்சை லைட் காட்டிக்கொண்டு நின்றது. முக்கியமான வேலை எதுவும் திறந்திராத நேரத்தில் யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மெஷின் உடனே அணைந்தால் பேட்டரி மாற்ற வேண்டும். மச்சான் மாற்றினார், சரியாகிவிட்டது.

பெட்டியைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? எர்த் சரியில்லை. கம்ப்யூட்டர்காரரை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது, கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். சந்தேகம் என்றால் முழுசாக மாற்றுவதுதான்.

சூடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்குவழிச் சாலை ஓரத்து வீடு, கிரானைட் பட்டறை பக்கத்து வீடு என்றால் ஃபேனில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ப்ளோயரால் ஊதுங்கள், ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுற்ற விடாதீர்கள். ஓசூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி உண்டு, தருமபுரிக்காரர்களுக்கு ஏப்ரல், மே மாதத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு வீட்டில் ஃபேன் சுற்றாததற்குக் காரணம், உள்ளே காய்ந்துபோய்க் கிடந்த ஒரு பல்லி.

குறிப்புக் கோப்பு

இவ்வளவும் பார்த்தும் தெரியவில்லை என்றால், விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பைப் படிக்கலாம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து, எந்த ஃபைல் ஓடும்போது நின்றது என்று காட்டும். அதில் என்டிஓஎஸ்கர்னல் என்று வந்தால் ஏமாறாதீர்கள். அது விண்டோஸின் கர்னலேதான், விபத்து நடந்த இடத்தில் எப்போதும் நிற்கும் ஆள். வேறு ஏதாவது பெயர், குறிப்பாகக் கிராஃபிக்ஸ், வைஃபை, ஆன்டிவைரஸ் சம்பந்தப்பட்ட பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரை மாற்றுங்கள். டிரைவர் வெரிஃபயர் என்று ஒன்றை ஓட்டச் சொல்லி யாராவது சொன்னால், புதியவர்கள் தள்ளி நில்லுங்கள். அது வேண்டுமென்றே நீலத்தை வரவழைக்கும் கருவி.

கடைக்குப் போகும்போது

ஃபார்மட் கடைசி. அதையும் செய்து, சுத்தமான விண்டோஸிலும் நீலம் வருகிறது, அல்லது விண்டோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வருகிறது என்றால் சந்தேகமில்லாமல் ஹார்ட்வேர், மேலும் மேலும் ஃபார்மட் செய்து பிரயோஜனமில்லை.

கடைக்குக் கொண்டுபோனால் நோட்டையும் கொண்டுபோங்கள். "என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க" என்று சொல்வதோடு, ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், நோட்டைப் பார்த்ததும் சந்தோஷப்படுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போய் மலிவாக வாங்கிவருகிறவர்கள் பில்லை மறக்காமல் வாங்குங்கள். என்னுடைய 8 ஜிபி ரேமுக்குப் பில் இருந்தது. கொரியரில் அனுப்பினேன், வாரண்டியில் வேறு கொடுத்துவிட்டார்கள்.

அந்த நோட்டு இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. நான் கடைசியாக எழுதிய பக்கத்தில் ஆகஸ்ட் 9, மாலை 4.20 என்று இருக்கிறது. அதற்கடுத்த பக்கத்திலிருந்து பையன் தெருக் கிரிக்கெட் ஸ்கோர் எழுதி வைத்திருக்கிறான்.